குடியும் குருதியும்: கல்முனைக் கரையின் தாய்வழி மரபு

மக்களின் உடலை ஆராய்வது உயிரியலார் தொழில் என்றும், மக்களின் வழக்கவொழுக்கங்களை ஆராய்வது வரலாற்றாசிரியர் தொழில் என்றும் நெடுங்காலமாகப் பகுத்துக் கொள்ளப்பட்டு வந்தது. இரண்டிற்குமிடையே கடத்தற்கரிய மதிலொன்று உளதுபோலக் கருதினர். உடல் இயற்கையின் ஆக்கம். வழக்கம் மனிதனின் ஆக்கம். முன்னையது கூர்ப்பின் விதிகளுக்கு உட்பட்டது, பின்னையது மனிதரின் விருப்பத்திற்கு உட்பட்டது என்பது அக்கொள்கை. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அம்மதில் தகர்ந்தது. 1981ஆம் ஆண்டில் கவல்லி-ஸ்போர்ஸா, பெல்ட்மன் என்னும் அறிஞர் இருவரும், 1985இல் பொய்ட், ரிச்சர்சன் என்பாரும் வெளியிட்ட நூல்கள், பண்பாடும் பரம்பரை அலகுகளைப் போலவே தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்படுவது என்றும், இவ்விரு கையளிப்புகளும் ஒன்றையொன்று திருப்புவன என்றும் கணித முறையால் நிறுவ முயன்றன. மனிதனின் வழக்கம் அவன் உடலை மாற்றும். மாறிய உடல் புதிய வழக்கத்திற்கு இடந்தரும் என்பதே அதன் சாரம்.

இக்கொள்கையை விளக்குதற்குத் தொலைநாட்டுச் சான்றுகளையே நூல்கள் பெரிதும் எடுத்தாளுகின்றன. ஆயின் அதனைக் கண்ணெதிரே காணத்தக்க நிலம் ஒன்று ஈழத்தின் கீழ்க்கரையில் உண்டு. கல்முனையை நடுவாகக் கொண்ட அக்கரையில் தமிழரும் சோனகரும் பல நூற்றாண்டுகளாகப் பேணிவந்த தாய்வழிக் குடிமரபை இக்கொள்கையோடு பொருத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தயிர்ச்சட்டி கூறும் பாடம்

முதலில் கொள்கையை ஓர் எளிய எடுத்துக்காட்டால் தெளிந்துகொள்வோம். பாலிலுள்ள இலக்டோசு என்னும் வெல்லத்தைச் செரிக்கச் செய்வது இலக்டேசு என்னும் நொதியம். பாலூட்டிகள் யாவற்றிலும் தாய்ப்பால் மறக்கும் பருவத்தோடு இந்நொதியம் குன்றிவிடும். மனித இனத்திலும் பெரும்பான்மையோர் நிலை இதுவே. ஆயினும் ஆநிரை மேய்த்துப் பாலுண்டு வாழ்ந்த ஐரோப்பியருள்ளும், கிழக்கு ஆபிரிக்க ஆயருள்ளும் வளர்ந்த பின்னரும் இந்நொதியம் குன்றாதவாறு பரம்பரை அலகில் விகாரம் நேர்ந்து, கடந்த 10,000 ஆண்டுகளுக்குள் பெருகியது. கென்யா, தன்சானியா, சூடான் நாட்டு மக்களிடம் காணப்படும் விகாரங்கள் ஐரோப்பியருடையனவற்றினின்றும் வேறானவை என 2007இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஒரே வழக்கம் வெவ்வேறு நிலங்களில் வெவ்வேறு விகாரங்களை வளர்த்தது. ஆன் வளர்ப்பு என்னும் வழக்கம் முன்னே சென்றது; உடல் பின்னே சென்றது.

இந்தியத் துணைக்கண்டத்தில் ஐரோப்பியருடைய விகாரமே வடமேற்கில் மிகுந்தும், தெற்கிலும் கிழக்கிலும் அருகியும் உளது என 2012இல் அறியப்பட்டது. தெற்கில் உள்ளார் பாலை வெறுத்தாரல்லர். அவர் அதனைத் தயிராகவும் மோராகவும் ஆக்கி உண்டனர். உறையிட்ட பாலில் நுண்ணுயிர்கள் இலக்டோசின் ஒரு பகுதியை முன்னரே சிதைத்துவிடுகின்றன. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் மண்சட்டியில் உறையும் எருமைத் தயிர் நாடறிந்தது. வடமேற்கில் உடல் மாறிச் செய்த வேலையை ஈண்டுச் சட்டி செய்தது. எனவே வழக்கம் உடலை மாற்றுவதும் உண்டு. உடல் மாறவேண்டிய தேவையைத் தானே ஏற்றுக்கொள்வதும் உண்டு. இவ்விரு வகையும் உணவு பற்றியன. வழக்கம் பரம்பரை அலகுகளைத் திருப்பும் மூன்றாம் வகையொன்று உளது. அது மணம் பற்றியது. யார் யாரை மணக்கலாம், மணந்தபின் யார் யாருடைய மனையில் வாழ்தல் வேண்டும் என வழக்கம் விதிக்கும்போது, குருதி செல்லும் வாய்க்காலை அவ்வழக்கமே வெட்டுகின்றது. கல்முனைக் கரை நமக்குக் கற்பிப்பது இம்மூன்றாம் வகையையே.

கரையும் ஊர்களும்

1961ஆம் ஆண்டில் மட்டக்களப்பு மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தின் கரையோரம் தமிழ் பேசும் ஊர்கள் சங்கிலித்தொடராக அமைந்தது. வடக்கிலிருந்து தெற்கு நோக்கிச் செல்வார் நெசவுக்குப் பெயர்பெற்ற மருதமுனையைக் கடந்து, திரௌபதையம்மன் கோயில் விளங்கும் பாண்டிருப்பையும் கல்முனையையும் அடைவர், பின்னர்க் கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய முஸ்லிம் ஊர்கள், அதன்பின் சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த காரைதீவு, அப்பால் நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, பின் அக்கரைப்பற்று, தெற்கே தம்பிலுவில், திருக்கோவில். கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் அடுத்தடுத்து ஒலிக்கும் நிலம் இது. மேற்கே பரந்த வயல்களும், கிழக்கே கடலும் இரு சமூகத்தாருக்கும் பொதுவாயின. மொழியும் பொதுவே.

மொழியினும் ஆழமான பொதுமை ஒன்றுண்டு. அதுவே குடி.

குடி என்னும் அமைப்பு

குடி என்பது ஈண்டு வீடு, ஊர் என்னும் பொதுப்பொருளில் வழங்குவதன்று. ஒரு தாயின் வழிவந்தோர் அனைவரையும் குறிக்கும் குலப்பெயராக அது வழங்குகின்றது. மகனும் மகளும் தாயின் குடியைப் பெறுவர். மகன் தன் குடியைத் தன் மக்களுக்கு அளித்தல் இயலாது. அவன் மக்கள் அவன் மனைவியின் குடியினராவர். மகள் வழியாகவே குடி தொடரும். ஒரே குடியிற் பிறந்தார் உடன்பிறந்தார்க்கு நிகராவராதலின் அவருக்குள் மணம் ஆகாது.

தமிழருள் இக்குடிகள் கோயிற் சிறப்புகளுக்கும் வண்ணக்கர் பதவிக்கும் அடிப்படையாயின. சோனகருள் அவை பள்ளிவாசல் நிருவாகத்திற்கு அடிப்படையாயின. குடிக்கொருவராக மரைக்காயர் அமர்ந்து பள்ளிவாசலைப் பரிபாலிப்பது வழக்கமாயிற்று. பணிக்கனா குடி போன்ற பெயர்கள் இரு சமூகத்தாரிடத்தும் வழங்குதல் கருதற்பாலது. வரிசை நாச்சி குடி, பொன்னாச்சி குடி எனச் சோனகரிடை வழங்கும் பெயர்கள் பெண்ணொருத்தியை முதல்வியாகக் கொண்டமையைப் பெயரளவிலேயே உணர்த்துகின்றன.

குடியோடு இணைந்தது மனை வழக்கம். பெண்ணுக்குப் பெற்றோர் வீடொன்றைச் சீதனமாக அளிப்பர்; மணமகன் அவ்வீட்டிற்குச் சென்று வாழ்வான். மூத்த மகளுக்குத் தம் வீட்டையே கொடுத்துப் பெற்றோர் வேறு மனைக்கு நகர்வதும் உண்டு. ஒரு பெண்ணின் சகோதரிகள் அருகருகே வாழ, அவர்தம் சகோதரர் பிற மனைகளுக்குச் செல்வர். இதனால் ஒரு தெருவின் நிலைபேறுடையார் பெண்டிர். வருவோரும் போவோரும் ஆடவர்.

முற்காலத்தில் மட்டக்களப்பில் முக்குவர் சட்டம் என வழங்கிய மரபின்படி முதுசொம் ஒருவனின் மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குச் சென்றது. கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் அச்சட்டத்தைப் பற்றி எழுதி வெளியிட்டார். அதே ஆண்டின் 15ஆம் இலக்க மண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்பின் அம்மரபு நீதிமன்றங்களில் வலியிழந்தது. ஆயினும் சொத்து பெண்வழியே செல்லும் ஒழுகலாறு அழிந்திலது. மருமகனுக்குச் சென்ற செல்வம் மகளுக்குச் சீதனமாகச் செல்லலாயிற்று. இசுலாமிய மரபுரிமை விதியில் மகளின் பங்கு மகனுடையதிற் பாதி. ஆயின் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிடுதலின், அவ்விதி எஞ்சிய சொத்தையே தீண்டும். சமய விதியும் மீறப்படவில்லை; தாய்வழி மனையும் குலையவில்லை. இவ்வமைப்பை நூர் யால்மன் 1967இல் வெளியிட்ட நூலிலும், அக்கரைப்பற்றில் பல்லாண்டு தங்கி ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலிலும் விரித்துரைத்துள்ளனர். வித்துவான் வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழக'மும் இந்நாட்டு வழக்கங்களை அறிவார்க்கு இன்றியமையாதது.

இத்தகைய தாய்வழி மரபு முஸ்லிம்களிடத்துக் காணப்படுவது கல்முனைக் கரைக்கு மட்டும் உரியதன்று. வட மலபாரின் மாப்பிள்ளைமார், இலட்சத்தீவினர், சுமத்திராவின் மினாங்கபாவு மக்கள் ஆகியோரும் தாய்வழியினரே. காயல்பட்டினத்தில் மணமகன் பெண் வீட்டிற்குச் சென்று வாழும் வழக்கம் உண்டு. இவை யாவும் இந்து மாகடலின் வணிகப் பாதையை ஒட்டியவை. பருவக்காற்றோடு வந்து பருவக்காற்றோடு செல்லும் ஆடவனுக்கு, நிலையான மனையையும் சுற்றத்தையும் உடைய பெண்ணின் இல்லம் தக்க புகலிடமாயிற்று எனல் பொருந்தும்.

வரவும் மணமும்

கீழ்க்கரைச் சோனகர் வரலாற்றில் இரு செய்திகள் அடிக்கடி பேசப்படுவன. ஒன்று, போர்த்துக்கேயர் 1626ஆம் ஆண்டில் தம் ஆட்சிக்குட்பட்ட நிலங்களினின்றும் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவருள் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது. மற்றொன்று செவிவழிக் கதை. முக்குவருக்கும் திமிலருக்கும் நிகழ்ந்த போரிற் பட்டாணியர் எனப்பட்ட முஸ்லிம் வணிகர் முக்குவருக்குத் துணைநின்று திமிலரை வடக்கே துரத்தினர் என்றும், அதற்குக் கைம்மாறாக முக்குவப் பெண்டிரை மணந்தனர் என்றும், அப்பெண்டிரின் குடிகளே சோனகரின் குடிகளாயின என்றும் அக்கதை கூறும்.

கதையின் ஒவ்வோர் உறுப்பும் நிகழ்ந்ததா என்பதன்று நமக்கு முதன்மையான வினா. தம் முன்னோரைப் பற்றி இம்மக்கள் கொண்ட எண்ணத்தின் வடிவமே கருதத்தக்கது. தந்தை கடல்கடந்து வந்தவன், தாய் இம்மண்ணிற் பிறந்தவள், சமயம் தந்தையினுடையது, குடி தாயினுடையது. வாப்பா, உம்மா, காக்கா என்னும் சொற்களோடு மாமா, மாமி, மச்சான், மச்சி என்னும் சொற்களும் ஒரே வாயில் வழங்குதல் இவ்விருமையின் நாடோறும் ஒலிக்கும் சான்றாகும்.

பழைய வழக்கு ஒன்று

இவ்விருமையை மறந்து எழுந்த வழக்கொன்று ஈழ வரலாற்றிற் புகழ்பெற்றது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைமுன் படித்த கட்டுரையில், இலங்கைச் சோனகர் மொழியாலும் வழக்கத்தாலும் உடலமைப்பாலும் தமிழரே என வாதித்தார். சட்டநிரூபண சபையில் சோனகருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டுமா என்னும் வினா எழுந்திருந்த காலம் அது. மறு ஆண்டே, 1889இல், முஸ்லிம் உறுப்பினரொருவர் நியமனம் பெற்றார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அக்கட்டுரைக்கு மறுப்பு எழுதிச் சோனகரின் முன்னோர் அரபியரே என நிறுவ முற்பட்டார்.

இருவரும் அறிஞர், இருவரும் தம் பக்கத்திற்குச் சான்று காட்டினர். ஆயின் இருவர் வாதத்திற்கும் அடியிற் கிடந்த கருத்து ஒன்றே. ஓர் இனத்தாருக்கு ஒரு குருதி உண்டு. அக்குருதி எதுவெனத் தெரிந்தால் அவர் யாரென்பது முடிவாகும் என்பதே அக்கருத்து. தந்தைவழியை நோக்கினார்க்கு அரபு நாடு தெரிந்தது. மொழியையும் முறையையும் நோக்கினார்க்குத் தமிழகம் தெரிந்தது. வழக்கம் எவ்வாறு இருவேறு குருதிவழிகளை இருவேறு திசைகளிற் செலுத்துகின்றது என்பதை இருவரும் கேட்டிலர். கேட்டற்குரிய கருவியும் அக்காலத்தில் இல்லை.

இவ்வினா ஏட்டளவில் நின்றிருப்பின் நாம் அதனை ஈண்டு எடுக்க வேண்டுவதில்லை. 1985இல் இக்கரையில் மூண்ட தமிழ்-முஸ்லிம் கலவரத்திலும், 1990இல் இரு சமூகத்தாரும் மாறி மாறி இழந்த உயிர்களிலும், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையின்போது நிகழ்ந்த கொலைகளிலும், 'நீர் வேறு, யாம் வேறு' என்னும் எண்ணம் குருதியின் பெயரால் வலுவூட்டப் பெற்றது. ஆதலின் குருதி உண்மையில் யாது கூறுகின்றது என்பதை அமைதியாக ஆராய்தல் கடமையாகின்றது.

இரு நூல்கள்

நம் உடற் கலங்களின் கருவிலுள்ள நிறமூர்த்தங்களிற் பெரும்பாலானவை தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் கலந்து மாறுவன. இரண்டு பகுதிகள் மட்டும் அவ்வாறு கலப்பதில்லை. ஒன்று, கலத்தின் கருவுக்கு வெளியே இழைமணிகளில் உள்ள டீ.என்.ஏ. இது தாயிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் செல்லும், மகனோடு நின்றுவிடும், மகளின் வழியே தொடரும். மற்றொன்று, ஆண்மையை விதிக்கும் வை நிறமூர்த்தம். இது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும்.

குடி கையளிக்கப்படும் விதியையும், இழைமணி கையளிக்கப்படும் விதியையும் ஒப்பிட்டு நோக்குக. எழுத்துக்கு எழுத்து இரண்டும் ஒன்றே. நுண்ணோக்கியும் ஆய்கூடமும் இல்லாத காலத்தில் இக்கரை மக்கள் வழிமுறையை எண்ணுதற்குத் தெரிந்துகொண்ட முறை, உடலினுள் மறைந்து செல்லும் ஒரு பொருளின் முறையோடு முற்றும் ஒத்திருந்தது. அயலூராரைக் குடியிற் சேர்த்துக்கொண்ட இடங்களும், மறதியாற் பெயர் மாறிய இடங்களும் நீங்கலாக, ஒரு குடிப்பெயர் தாய்வழி நூலொன்றின் பெயராகவே அமையும்.

மனை வழக்கம் இந்நூல்களை எவ்வாறு பரப்பும்? உலகின் பெரும்பாலான சமூகங்களிற் பெண் கணவன் வீட்டிற்குச் செல்வாள். அதனால் தாய்வழி நூல்கள் ஊர்தோறும் பரவ, தந்தைவழி நூல்கள் ஊரோடு ஒட்டி நிற்கும். 1998இல் சீல்ஸ்டட் முதலியோர் உலகளாவிய சான்றுகளைக் கொண்டு இக்கருத்தை வெளியிட்டனர். 2001இல் ஊட்டா முதலியோர் வட தாய்லாந்தின் மலைவாழ் மக்களை ஆராய்ந்து, ஆடவன் பெண் வீட்டிற்குச் செல்லும் சமூகங்களில் இந்நிலை தலைகீழாக இருத்தலைக் கண்டனர். அங்கே தாய்வழி நூல்கள் சிலவாக ஊரிற் செறிந்தும், தந்தைவழி நூல்கள் பலவாக விரிந்தும் காணப்பட்டன. மனை வழக்கம் என்னும் பண்பாட்டு விதியொன்று பரம்பரை அலகுகளின் நிலப்படத்தையே திருப்பி வரைந்துவிட்டது.

கல்முனைக் கரையின் வழக்கத்தை இதனோடு வைத்து உய்த்துணரின், தாய்வழி நூல்கள் பழமையாய் வேரூன்றி நிற்கவும், தந்தைவழி நூல்கள் பல துறைமுகங்களிலிருந்து வந்து சேரவும் ஏற்றதாகவே அது அமைந்துள்ளது என்பது போதரும். கதை கூறும் வடிவமும் இதுவே.

எனினும் இவ்வனுமானத்தை அளவோடு கொள்ளல் வேண்டும். 2006இல் இந்தியக் குடிகளை ஆராய்ந்த குமார் முதலியோர், தாய்லாந்திற் கண்ட வேறுபாடு இந்தியத் தாய்வழி, தந்தைவழிச் சமூகங்களிடையே அவ்வாறு தெளிவாகத் தோன்றவில்லை என்றனர். வழக்கங்கள் இடத்துக்கிடமும் காலத்துக்குக் காலமும் மாறுவன. ஒரு வழக்கம் பல நூறாண்டு நிலைத்தாலன்றி உடலில் எழுதப்படாது என்பது அவர் தந்த விளக்கம். மேலும் மணமகன் நான்கு தெருவுக்கு அப்பாலிருந்து வருவானாயின், அவன் நடந்த தூரம் ஊரின் குருதியை மாற்றப் போதாது. தொலைவிலிருந்து ஆடவர் வந்த தொடக்க காலமும், அதன்பின் சமய எல்லை மணத்துக்கும் எல்லையாகி இரு சமூகங்களையும் பிரித்த பிற்காலமும் வேறு வேறாக எண்ணப்படுதல் வேண்டும்.

இனி எண்ணிக்கையை நோக்குவோம். தலைமுறைக்கு 25 ஆண்டு எனக் கொண்டால், 1626இலிருந்து இன்றுவரை ஏறத்தாழ 16 தலைமுறைகள். ஒருவனுக்குப் பெற்றோர் 2, பாட்டன் பாட்டியர் 4 எனப் பெருக்கிச் சென்றால் 16ஆம் தலைமுறையில் முன்னோர் இடங்கள் 65,536 ஆகும். உறவு மணத்தால் ஒரே முன்னோர் பல இடங்களில் வருவர். அதனைக் கழித்தாலும் எண் பெரிதே. அவ்விடங்களுள் குடி எண்ணுவது ஒன்றை. தந்தைவழிப் பெருமை எண்ணுவது மற்றொன்றை. இராமநாதனும் அஸீஸும் வழக்காடியது பெருங்கடலில் இரு துளிகளைப் பற்றியே. அவ்விரு துளிகளும் பொய்யல்ல. ஆயின் அவையே கடலாகா. எஞ்சியோர் தமிழகத்தாரும், மலையாளத்தாரும், ஈழத்தின் பல பகுதியினரும், கடல்கடந்து வந்தோருமாக இரு சமூகத்தார் உடலிலும் கலந்து நிற்கின்றனர். யார் எவர் என்பதைக் குருதி தீர்த்துவைக்கும் என எதிர்பார்த்தல் குருதியின் இயல்பை அறியாமையாம். எந்தத் துளியை நினைவுகூர்வது என்பதைத் தீர்ப்பது வழக்கமே.

முறையும் அதன் விளைவும்

மண வழக்கிலும் இவ்வாறே ஓர் அரிய செய்தி உண்டு. அரபு நாடுகளில் தந்தையின் சகோதரன் மகளை மணத்தல் விரும்பப்படுவது. இசுலாமிய விதி அதனையும், தாயின் சகோதரி மகளை மணத்தலையும் தடுப்பதில்லை. ஆயின் கீழ்க்கரைச் சோனகர் பொதுவாகத் தமிழரைப் போன்றே இவ்விருவரையும் உடன்பிறந்தாராக எண்ணி, மாமன் மகளையும் மாமி மகளையுமே மணமுறைக்குரியராகக் கொண்டனர். சமயம் திறந்துவிட்ட வாயிலை வழக்கம் மூடிற்று.

இந்நால்வருள் எவரை மணந்தாலும் பெரும்பாலான நிறமூர்த்தங்களைப் பொறுத்தவரை உறவின் நெருக்கம் ஒன்றே. பிறக்கும் பிள்ளையின் உறவுக்கலப்பு அளவு 1/16. அப்பிள்ளைக்குப் பூட்டன் பூட்டியர் 8 பேருக்குப் பதிலாக 6 பேரே. 'முறை' என்பதைப் பரம்பரை அலகுகள் அறியா. ஆயின் எக்ஸ் நிறமூர்த்தத்தில் மட்டும் வேறுபாடு தோன்றும். அம்மணத்திற் பிறக்கும் மகளுக்கு அந்நிறமூர்த்தத்தின் உறவுக்கலப்பு, மாமி மகளை மணந்தாலும் தந்தையின் சகோதரன் மகளை மணந்தாலும் 0. மாமன் மகளை மணந்தால் 1/8. தாயின் சகோதரி மகளை மணந்தால் 3/16. நான்கினுள் மிக உயர்ந்த இந்த 3/16 அளவினைத் தரும் மணமே, ஒரே குடிக்குள் நிகழும் மணமாதலின் விலக்கப்பட்டது. முன்னோர் கணக்கிட்டு விலக்கினர் என்று கூறுதல் மிகை. ஒரு நோக்கத்திற்காக அமைந்த விதி, அமைத்தோர் அறியாத விளைவையும் உடலில் உண்டாக்கும் என்பதே கொள்ளத்தக்கது.

எதிர்மாறான விளைவும் உண்டு. மலேரியா நெடுங்காலம் நிலவிய நாடுகளில் தலசீமியா என்னும் பரம்பரைக் குருதிநோயின் அலகு மிகுந்திருப்பதற்கு, அவ்வலகை ஒற்றையாகத் தாங்குவோர் மலேரியாவைத் தாங்கும் வலிமை பெறுதலே காரணமாகலாம் என 1949இல் ஹால்டேன் கருதினார். இலங்கையில் 1934-35இல் மலேரியா பல்லாயிரவரைப் பலிகொண்டது. 2016இல் இந்நாடு மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றளிக்கப்பட்டது. நோய் நீங்கிற்று; அதனை எதிர்த்த அலகு நீங்கவில்லை. அவ்வலகைத் தாங்கும் இருவர் மணந்தால் பிள்ளைகளுள் நால்வருக்கொருவர் நோயுறும் வாய்ப்பு உண்டு. நெருங்கிய உறவினர் மணத்தில் அத்தகைய இருவர் சந்திக்கும் வாய்ப்பு மிகுதி. இந்நாளில் மணத்திற்கு முன் குருதியைப் பரிசோதித்துக்கொள்ளல் தக்கதென மருத்துவர் அறிவுறுத்துகின்றனர். அதுவும் ஒரு புதிய வழக்கமே. பழைய வழக்கம் ஒருங்கு சேர்த்ததைப் புதிய வழக்கம் அறிந்து விலக்கும்.

வீட்டின் உறுதி

இறுதியாக நிகழ்காலத்துக்கு வருவோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த கடற்கோள் இக்கரையைச் சூறையாடியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை முதற் சாய்ந்தமருது ஈறாகக் கடலை அடுத்த தெருக்கள் மண்மேடாயின. அழிந்த வீடுகள் பல பெண்களின் சீதன வீடுகள். கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் கட்டலாகாது என முதலில் விதிக்கப்பட்டது. மாற்று வீடுகள் வழங்கப்பட்டபோது 'குடும்பத் தலைவர்' என்னும் பெயரால் உறுதி பெரும்பாலும் கணவன் பெயருக்கு எழுதப்பட்டது. மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோறன்சும் இக்கரையில் ஆராய்ந்து, வீடிழந்த பெற்றோர் தம் பெண்மக்களுக்குச் சீதன வீடு எவ்வாறு தேடுவர் என்னும் கவலையையே எங்கும் கேட்டதாக எழுதியுள்ளனர்.

அலுவலகத்து எழுதுகோல் ஒன்று ஓர் உறுதியில் எப்பெயரை எழுதுகின்றது என்பது சிறு செய்தி போலத் தோன்றும். ஆயின் வீடு யாருடையதோ அவர் நிலைப்பர்; மற்றவர் நகர்வர். சகோதரிகள் அருகருகே வாழ்ந்த தெரு சகோதரர் அருகருகே வாழும் தெருவாக மாறின், சில தலைமுறைகளில் குடி மறக்கப்படும். பல தலைமுறைகளில் நூல்களின் பரப்பும் மாறும். பல நூற்றாண்டு அந்நியர் ஆட்சியாலும், 1876ஆம் ஆண்டின் சட்டத்தாலும் குலையாத ஒன்று, நிவாரணப் படிவத்தின் ஒரு கட்டத்தாற் குலைதலும் கூடும். பெண்ணுக்கு வீடு என்பது இக்கரையில் அலங்காரமன்று; மணமுறிவிலும் கைம்மையிலும் அவளைத் தெருவில் நிறுத்தாத அரண். கூர்ப்பின் வரலாறு தொல்பழங்காலத்தோடு முடிந்துவிட்டதென எண்ணுதல் தவறு. அது காணிக் கந்தோரிலும், நிக்காஹ் பதிவிலும், கோயில் வண்ணக்கர் தேர்விலும் இன்றும் நடைபெற்றுக்கொண்டே இருக்கின்றது.

ஆகவே மாணவர்க்கு ஒரு பணி உண்டு. குடியின் பெயரையும், அது பற்றிய கதையையும், எத்தெருவில் எக்குடி வாழ்ந்தது என்பதையும் அறிந்த முதியோர் நாளுக்குநாட் குறைந்து வருகின்றனர். தமிழ் மாணவர் தம் பாட்டியரிடத்தும், முஸ்லிம் மாணவர் தம் மூத்தம்மாரிடத்தும் கேட்டு எழுதி வைப்பாராக. எழுதியதை ஒருவர் ஏட்டோடு மற்றவர் ஏட்டை ஒப்பிடுவாராக. அவ்வொப்பீட்டில் ஒரே குடிப்பெயர் இரு ஏடுகளிலும் எதிர்ப்படுமாயின், 1888இலும் 1907இலும் அறிஞர் வழக்காடித் தீர்க்கமாட்டாத ஒன்றினை அவர் தம் கையெழுத்திலேயே காண்பர்.